துளையின் அளவே தொட்டியின் அளவு: சிங்கப்பூரின் மழைநீர்த் தேக்க விதி ஒரு மனையில் எப்படி வேலை செய்கிறது

2010 ஜூன் 16 காலையில் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் ரோட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் 100 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயில் குப்பை அடைத்துக்கொள்ள, தண்ணீர் சாலையில் ஏறியது. லியட் டவர்ஸ், லக்கி பிளாசா கட்டடங்களின் அடித்தளக் கடைகள் மூழ்கின. அதன்பின் சாலையின் 1.4 கி.மீ. நீளத்தைச் சராசரி 300 மி.மீ. உயர்த்தினார்கள். ஆனாலும் 2011 டிசம்பர் 23 அன்று லியட் டவர்ஸ் மறுபடியும் நனைந்தது.

அடைப்பை எடுப்பதும் சாலையை உயர்த்துவதும் அன்றைய சிக்கலுக்கான மருந்து. இதன் அடியில் இருந்த நோய் வேறு. அந்தக் கால்வாய் வெட்டப்பட்டபோது மண்ணும் புல்லுமாக இருந்த நிலம் பிறகு கூரையாகவும் தார்ச்சாலையாகவும் மாறிவிட்டது. பெய்த மழையில் மண் குடிக்கும் பங்கு குறைந்தது. மிச்சம் முன்பைவிட வேகமாகக் கால்வாய்க்கு வந்து சேர்ந்தது. கால்வாயை அகலப்படுத்தலாம் என்றால் இரு கரையிலும் கட்டடங்கள். 2012 ஜனவரியில் வந்த நிபுணர் குழு அறிக்கை, கால்வாயை மட்டும் நம்பாமல் மழை விழும் மனையிலேயே தண்ணீரைச் சற்று நேரம் பிடித்துவைக்க வேண்டும் என்றது. நாட்டின் நீர், வடிகால் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் 2014 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயமாக்கியது.

பொது நிலத்திலும் வேலை நடந்தது. பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவின் ஓரத்தில் டையர்சால் அவென்யூ பக்கம் நிலத்தடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் ஸ்டாம்ஃபர்ட் தேக்கத் தொட்டியும், ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்கு வடியும் மேட்டுப் பகுதியின் 240 எக்டேர் தண்ணீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் 2 கி.மீ. கால்வாயும் 2018-இல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். தனியார் மனைக்குள் கட்டப்படும் சிறு தொட்டிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இந்த ஆய்வு அவற்றைப் பற்றியது.

விதி கேட்பது என்ன

மேற்பரப்பு நீர் வடிகால் செயல்முறை விதிநூல் சொல்வது சுருக்கமானது. 0.2 எக்டேர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர், அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் புதிதாகக் கட்டினாலும் இடித்துக் கட்டினாலும் பொது வடிகாலுக்கு வெளியேறும் உச்ச ஓட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மனை முழுவதற்கும் ஓடுநீர்க் கெழு (பெய்த மழையில் ஓடிவிடும் பங்கு) 0.55 என்று வைத்துக் கணக்கிட்டால் என்ன ஓட்டம் வருமோ, அதுவே வரம்பு. 10 ஆண்டு மீள்காலம் கொண்ட, அதாவது சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு, 4 மணி நேரம் வரையிலான எல்லாக் கால அளவுகளிலும், இந்த வரம்பு தாண்டக் கூடாது. மழை ஓய்ந்தபின் 4 மணி நேரத்துக்குள் தொட்டி காலியாக வேண்டும். வெப்பமண்டலத்தில் இரண்டாவது மழை நாள் குறித்து வருவதில்லை.

கவனிக்க வேண்டியது, இந்த விதியில் "இத்தனை கன மீட்டர் தொட்டி கட்டு" என்ற வரி இல்லை. ஒரு நொடிக்கு எவ்வளவு வெளியே விடலாம் என்பதுதான் வரம்பு. தொட்டியின் கொள்ளளவு அதிலிருந்து நாமே வருவித்துக்கொள்ள வேண்டிய விடை. பெரிய தொட்டி கட்டிவிட்டோம், விதியை நிறைவேற்றிவிட்டோம் என்று நினைக்கும் உரிமையாளர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வெளியேறும் துளை பெரிதாக இருந்தால் 500 கன மீட்டர் தொட்டியும் விதியை மீறும்.

தொட்டியே இல்லாமல் தப்ப முடியுமா? கல்பரப்புக்கும் கூரைக்கும் கெழு 1.00, புல்வெளிக்கு 0.45 என்று எடுத்தால், சராசரி 0.55-க்கு இறங்க மனையில் 82 விழுக்காடு பசுமையாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் நில விலையில் யாரும் அப்படி விட்டுவைக்கப் போவதில்லை. பசுமை தொட்டியைச் சிறிதாக்கும், தொட்டிக்கு மாற்றாகாது.

0.6 எக்டேர் மனை: கணக்கு

ஒரு மாதிரி மனையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 ச.மீ. அதில் கூரை, வண்டிப்பாதை, நடைமேடை சேர்த்து 4,800. புல்லும் செடியும் 1,200. சராசரிக் கெழு:

(4,800 × 1.00 + 1,200 × 0.45) ÷ 6,000 = 0.89

மனையின் கடைக்கோடியில் விழுந்த துளி வெளிவாயை அடையும் நேரம் 5 நிமிடம் என்று கொள்வோம். சிங்கப்பூரின் 10 ஆண்டு மழைக்குப் பொறியாளர்கள் பயன்படுத்திவரும் செறிவுச் சூத்திரம் 8,913 ÷ (நிமிடம் + 36). விடை மணிக்கு மி.மீ. கணக்கில் வரும். விதிநூலின் புதிய பதிப்பின் மழை வரைபடம் கையில் இருந்தால் அதன் மதிப்பையே எடுக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு இது 217 மி.மீ. மணிக்கு 217 மி.மீ. என்றால் ஒரு மணி நேரம் அப்படிப் பெய்யும் என்று பொருளல்ல. அந்த 5 நிமிடத்தில் விழுவது 18 மி.மீ. அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றோடு வரும் மழையைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

ஓட்டம் = கெழு × செறிவு × எக்டேர் ÷ 360. அதன்படி:

அனுமதி: 0.55 × 217.4 × 0.6 ÷ 360 = 0.199 கன மீட்டர்/நொடி, அதாவது 199 லிட்டர்.
தொட்டி இல்லாவிட்டால்: 0.89 × 217.4 × 0.6 ÷ 360 = 0.322, அதாவது 322 லிட்டர்.

நொடிக்கு 123 லிட்டரைத் தடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. புதியவர்கள் 5 நிமிட மழையோடு நின்றுவிடுவார்கள். உச்ச ஓட்டம் 5 நிமிட மழையில்தான் வரும், ஆனால் உச்சக் கொள்ளளவு அதில் வராது. மெல்லிய மழை நீண்ட நேரம் பெய்யும்போதுதான் தொட்டி நிரம்பும். ஒவ்வொரு கால அளவுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கைக்கணக்குக்கு ஏற்ற வழி இது: உள்ளே வரும் ஓட்டம் × மழை நிமிடம் என்பதிலிருந்து, அனுமதி ஓட்டத்தின் பாதி × (மழை நிமிடம் + 5) என்பதைக் கழித்து, 60-ஆல் பெருக்குவது. பாதி எடுப்பதற்குக் காரணம், தொட்டியில் நீர் ஏற ஏறத்தான் துளை முழு அளவுக்கு விடும். தொடக்கத்தில் சொட்டும்.

| மழை நேரம் (நிமிடம்) | செறிவு (மி.மீ./மணி) | உள்வரும் ஓட்டம் (லிட்டர்/நொடி) | தேவைப்படும் கொள்ளளவு (கன மீட்டர்) |
|---|---|---|---|
| 5 | 217 | 322 | 37 |
| 10 | 194 | 287 | 83 |
| 20 | 159 | 236 | 134 |
| 30 | 135 | 200 | 151 |
| 35 | 126 | 186 | 152 |
| 40 | 117 | 174 | 148 |
| 60 | 93 | 138 | 107 |

35 நிமிடத்தில் 152 கன மீட்டர். அதுவே வடிவமைப்புக் கொள்ளளவு. 5 நிமிடத்தோடு நின்றிருந்தால் 37 என்று எழுதி, நான்கில் ஒரு பங்குத் தொட்டி கட்டியிருப்போம். அட்டவணையின் கடைசி வரிகளில் உள்வரும் ஓட்டம் அனுமதியைவிடக் குறைவாக இருந்தும் கொள்ளளவு கேட்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். அது பாதி ஓட்டம் என்ற அனுமானத்தின் விளைவு. நிமிடத்துக்கு நிமிடம் நீர்மட்டத்தைப் பின்தொடரும் முழுக் கணக்கை மென்பொருளில் போட்டால் இதே மனைக்கு விடை சற்றுச் சுருங்கும். இடம் இறுக்கமான மனைகளில் அந்த உழைப்பு வீண் போகாது.

பசுமை எவ்வளவு உதவும் என்பதையும் இதே சூத்திரம் காட்டும். புல்வெளியை 1,200-லிருந்து 2,400 ச.மீ. ஆக்கினால் கெழு 0.78 ஆகும், கொள்ளளவு 107 ஆகக் குறையும். 45 கன மீட்டர் கான்கிரீட் தொட்டியின் செலவை ஒரு பக்கமும், 1,200 ச.மீ. நிலத்தின் மதிப்பை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் கட்டுமான நிறுவனங்கள் எதைத் தேர்கின்றன என்பது விளங்கும்.

286 மி.மீ.

தொட்டியின் பயன்படு ஆழம் 1.5 மீ. துளையின் ஓட்டம் 0.6 × பரப்பு × √(2 × 9.81 × நீர் உயரம்). நீர் உயரத்தைத் துளையின் மையத்திலிருந்து அளக்க வேண்டும், தரையிலிருந்து அளக்கக் கூடாது. இங்கே அது 1.36 மீ. நொடிக்கு 199 லிட்டர் விட வேண்டுமானால் துளையின் விட்டம் 286 மி.மீ.

இந்த எண்ணோடு வரைபடம் தளத்துக்குப் போகிறது. 286-க்குக் குழாயும் இல்லை, துளைபோடும் பிட்டும் இல்லை. ஒப்பந்ததாரரிடம் இருப்பது 300. "14 மி.மீ. தானே" என்று 300-இல் துளைத்தால் ஓட்டம் 218 லிட்டர் ஆகும், வரம்பைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல். அதைவிட மோசமானது, அந்தத் துளைக்குள் வழுவழுப்பான குழாயைச் செருகி வாயை உருட்டிப் பூசிவிடுவது. சூத்திரத்தில் வரும் 0.6 என்பது கூரான விளிம்புக்கு உரியது. உருட்டிய வாய்க்கு அது 0.8 வரை போகும். அப்போது 286 மி.மீ. துளையே 265 லிட்டர் விடும்.

இதற்கு நம்பகமான தீர்வு உண்டு. சுவரில் 400 மி.மீ. திறப்பு விட்டு, அதன்மேல் 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டைப் போல்ட்டும் ரப்பர் கேஸ்கெட்டும் வைத்து இறுக்குவது. துளையைத் தகட்டிலேயே பட்டறையில் வெட்டிவிடலாம். பட்டறையில் 285 கேட்டால் 285 வரும். குறைத்து முழுமையாக்க வேண்டும், கூட்டிவிடக் கூடாது. பிறகு மனையில் ஏதாவது மாறினால் தகட்டை மட்டும் கழற்றி மாற்றினால் போதும். விட்டத்தைத் தகட்டிலேயே பொறித்துவைப்பது நல்லது. பத்தாண்டு கழித்து உள்ளே இறங்குபவருக்கு வரைபடம் கையில் இருக்காது.

துளைக்கு முன்னால் குப்பைத் தடுப்புக் கம்பி வலை வேண்டும். வலையின் திறந்த பரப்பு துளையைப் போல் குறைந்தது பத்து மடங்கு, இங்கே 0.65 ச.மீ., இருக்கட்டும். தூங்குமூஞ்சி மரமும் வேங்கையும் நிற்கும் சாலைகளில் ஒரே மழையில் பாதி வலை இலையால் மூடிப்போகும்.

அடுத்த வடிகாலின் மட்டம்

வடிவமைப்பில் அதிகம் தவறுவது இந்த இடம். மேலே போட்ட கணக்கு, துளையின் மறுபக்கம் தண்ணீர் இல்லை, துளை திறந்தவெளியில் கொட்டுகிறது என்று எடுத்துக்கொண்டது. பெருமழையில் சாலையோர வடிகாலும் நிரம்பி ஓடும். அதன் நீர்மட்டம் துளையின் மையத்துக்கு அரை மீட்டர் மேலே நின்றால், தள்ளும் உயரம் 1.36-லிருந்து 0.86 மீட்டராகிறது. ஓட்டம் 158 லிட்டருக்குச் சுருங்குகிறது. குறைவாக வெளியேறினால் விதிக்கு மகிழ்ச்சிதானே என்று தோன்றலாம். ஆனால் வெளியே போகாதது உள்ளே நிற்க வேண்டும். 158 லிட்டரை வைத்து அதே அட்டவணையை மறுபடி போட்டால் தேவை 204 கன மீட்டர். 152-க்குக் கட்டிய தொட்டி நடுவிலேயே வழிந்துவிடும்.

இதைச் சரிசெய்யத் துளையைப் பெரிதாக்கினால், வடிகால் காலியாக இருக்கும் நாளில் வரம்பு மீறும். ஆக, மட்டம் பொருந்தாத இடத்தில் கொள்ளளவைக் கூட்டலாம், தொட்டியை மேலே ஏற்றலாம், அல்லது பம்ப் வைக்கலாம். வேறு வழியில்லை.

மேலே ஏற்றுவது சொல்ல எளிது. 0.5 மீ. மண் மூடல், 0.25 மீ. கூரைத் தளம், 0.3 மீ. காற்றிடம், 1.5 மீ. நீர் என்று கூட்டினால் தொட்டியின் தரை நிலமட்டத்துக்கு 2.55 மீ. கீழே போகிறது. பல சாலையோர வடிகால்கள் அவ்வளவு ஆழம் இல்லை. ஆழத்தைப் பாதியாக்கிப் பரப்பை இரட்டிப்பாக்குவது ஒரு வழி. தொட்டியை முதல் அடித்தள மாடியில் வண்டிகள் ஏறும் சாய்தளத்தின் பக்கத்தில், மேல்தளத்தோடு ஒட்டிய உயரத்தில் வைப்பது இன்னொன்று. எதுவானாலும் கட்டடக் கலைஞர் மாடித்திட்டத்தை முடிப்பதற்கு முன்பே வடிகால் மட்டத்தை அளந்துவிட வேண்டும். முடித்தபின் கேட்டால் கிடைப்பது மூலையில் ஒரு அறையும் ஒரு பம்பும்தான்.

ஊடே ஓடும் தொட்டி, ஒதுங்கி நிற்கும் தொட்டி

இதுவரை பார்த்தது எல்லாத் தண்ணீரும் தொட்டிக்குள் நுழைந்து துளை வழியே வெளியேறும் அமைப்பு. சின்னத் தூறலும் அதன் வழியேதான் போகும், வண்டலும் அங்கேயே படியும்.

ஒதுங்கி நிற்கும் அமைப்பில், தண்ணீர் முதலில் ஒரு பிரிப்பு அறைக்கு வரும். அனுமதி ஓட்டம் வரை நேரே வடிகாலுக்குப் போய்விடும். மிஞ்சியது மட்டும் ஒரு தாழ்ந்த சுவரைத் தாண்டித் தொட்டிக்குள் விழும். 199 லிட்டர் தொடக்கத்திலிருந்தே முழுதாக வெளியேறுவதால், அந்த அளவுக்கு மேற்பட்ட ஓட்டத்தைக் கூட்டினால் இதே மனைக்கு 15 நிமிட மழையில் உச்சமாக 40 கன மீட்டர் மட்டுமே வருகிறது. பிரிப்புச் சுவரின் மேல் நீர் ஏறும்போது நேர்வழி ஓட்டமும் சற்றுக் கூடும் என்பதால் நேர்வழியின் வாயில் உள்ள கழுத்துத் துளையைக் குறைத்து, தொட்டியை 55 வரை வைப்பது புத்திசாலித்தனம். அப்படியும் 152-இல் மூன்றில் ஒரு பங்குதான்.

இருந்தும் எல்லோரும் இதைத் தேர்வதில்லை. ஒதுங்கிய தொட்டி பெரும்பாலும் ஆழத்தில் இருப்பதால் பம்ப் தேவைப்படும். 55 கன மீட்டரை 4 மணி நேரத்தில் இறைக்க நொடிக்கு 3.8 லிட்டர் போதும். ஆனால் குப்பையை விழுங்கக்கூடிய பம்ப் அவ்வளவு சிறிதாகக் கிடைக்காது. நொடிக்கு 10 லிட்டர் வகையில் இரண்டு வைப்பார்கள், ஒன்று ஓட, ஒன்று காத்திருக்க. ஒன்றரை மணி நேரத்தில் தொட்டி காலி. இங்கே ஒரு பொறி இருக்கிறது: பிரிப்பு அறை 199 லிட்டரை விட்டுக்கொண்டிருக்கும்போதே பம்பும் ஓடினால் மொத்தம் 209. அறையின் நீர்மட்டம் இறங்கிவிட்டதாகச் சென்சார் காட்டும்வரை பம்ப் தொடங்கக் கூடாது என்று கட்டுப்பாட்டுப் பலகையில் பூட்டு போட வேண்டும். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் வடிவமைப்புக் கட்டத்திலேயே பதில் சொல்லி வைக்க வேண்டும். இடிமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வரக்கூடியவை.

வடிகால் ஆழமாக இருக்கும் மனைக்கு எங்கள் பரிந்துரை ஈர்ப்பு விசையில் ஓடும் தொட்டிதான். அது பெரிது, ஆனால் பழுதாக ஒரு துளையைத் தவிர ஒன்றுமில்லை. நிரம்பிய தொட்டி காலியாக அரை மணி நேரம் போலத்தான் எடுக்கும், 4 மணி நேர நிபந்தனை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. மனையின் எல்லாப் பகுதியும் தொட்டிக்கு வராது. பின்பக்கம் 600 ச.மீ. கான்கிரீட் பாதை நேராகப் பின் வடிகாலில் வடிந்தால், அந்த 36 லிட்டரும் அதே 199-இல் அடக்கம். தொட்டியின் துளைக்கு மிஞ்சுவது 163. வரைபடத்தில் மழைநீர்ப் பகுதிகளைத் தனித்தனி நிறத்தில் காட்டினால் இந்தக் கசிவு முதல் பார்வையிலேயே தெரியும்.

செடிக்கு ஊற்றவும் கழிப்பறைக்கும் மழைநீரைச் சேர்த்துவைக்க விரும்புவோர், இரண்டையும் ஒரே கொள்ளளவாகக் காட்டப் பார்ப்பார்கள். பயன்பாட்டுக்கு நிரப்பி வைத்த தண்ணீர் மேல் அடுத்த மழைக்கு இடமில்லை. ஒரே தொட்டியாக இருந்தாலும், துளைக்குக் கீழே இருப்பது பயன்பாட்டுக்கு, மேலே இருப்பது தேக்கத்துக்கு என்று பிரித்து எண்ண வேண்டும்.

கட்டும்போது

152 கன மீட்டர் என்பது தண்ணீரின் அளவு. தூணும் சாய்தளமும் அதற்குள் இடம் பிடிக்கும். உள் அளவு 8.5 × 12.6 மீ., தாழ்ந்த கோடியில் ஆழம் 1.5 மீ. என்றால் மொத்தம் 160.6. தரைக்கு 100-க்கு 1 சரிவு கொடுத்தால் 6.7 போகும். 400 மி.மீ. சதுரத் தூண் நான்குக்கு 1 போகும். மிஞ்சுவது 152.9. சரிவை மறந்து 8.5 × 12 என்று கட்டியிருந்தால் 6 கன மீட்டருக்கு மேல் குறையும். சரிவைத் தவிர்க்கவும் முடியாது, தட்டையான தரையில் தேங்கும் விரலளவு தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தாராளம்.

நீர்மட்டத்துக்கு மேலே கலிங்கு, அதாவது மிகுநீர் வழியும் திறப்பு, வேண்டும். 10 ஆண்டு மழையைத் தாண்டியது வரும்போதோ துளை அடைத்தாலோ, 322 லிட்டரும் கலிங்கின் மேல் போக வேண்டும். 200 மி.மீ. உயரத்தில் வழிய 2.2 மீ. நீளம் தேவை. கூரைத் தளத்தின் அடிப்பரப்பு நீர்மட்டத்துக்கு 300 மி.மீ. மேலே இருக்கட்டும். கலிங்கு இல்லாத தொட்டியின் தண்ணீர் தனக்கென ஒரு வழி கண்டுபிடிக்கும், பெரும்பாலும் அது மின்தூக்கிக் குழியாக இருக்கும்.

காலித் தொட்டி மிதக்கும் என்பதைக் கட்டுமானக் குழுவினர் நம்புவதில்லை. 300 மி.மீ. சுவரும் அடித்தளமும் சேர்த்து வெளி அளவு 9.1 × 13.2 × 2.35 மீ. நிலத்தடி நீர் தொட்டியின் கூரைவரை ஏறினால் மேல்நோக்கிய விசை 282 டன். கான்கிரீட்டின் எடை சுமார் 215 டன்தான். அரை மீட்டர் மண் போட்டால் மேலும் 108 டன் கூடி 323 ஆகிறது, பாதுகாப்புக் கெழு 1.14. ஆகவே மண் மூடும்வரை குழியில் நீர் இறைக்கும் பம்பை நிறுத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை பம்பை நிறுத்திவிட்டு, வார இறுதியில் மழை பெய்து, திங்கள் காலையில் தொட்டி ஒரு பக்கம் தூக்கி நின்றால் அதை மறுபடி இறக்க வழியில்லை. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மண் மூடலை நம்ப முடியாத இடத்தில் அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே 500 மி.மீ. நீட்டி, அதன்மேல் உட்காரும் மண்ணையும் எடையாக்கலாம்.

குழியிலிருந்து இறைக்கும் சேற்றுநீரை நேரே வடிகாலில் விடக் கூடாது. பொது வடிகாலுக்குப் போகும் நீரில் மிதக்கும் திண்மம் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணுக்குப் பால்தேநீர்போல் தெரியும் தண்ணீர் அந்த வரம்பைப் பல மடங்கு மீறியிருக்கும்.

சோதனை: எட்டு நிமிடம்

தகுதிபெற்ற பொறியாளர் கையெழுத்திடும் முன் ஒரு சோதனை போதும், கருவி எதுவும் வேண்டாம். துளையை அடைப்பானால் மூடி, தொட்டியை மேல்மட்டம் வரை நிரப்பி, ஒரு நாள் விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். பிறகு அடைப்பானை எடுத்து, சுவரில் வரைந்த அளவுகோலில் நீர் 1.5 மீட்டரிலிருந்து 0.75-க்கு இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 286 மி.மீ. கூர்விளிம்புத் துளைக்கு இது எட்டு நிமிடம். 300 மி.மீ. துளை போட்டிருந்தால் 7 நிமிடம் 20 நொடி. ஆறு நிமிடத்தில் இறங்கினால் துளையின் வாயை யாரோ உருட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேலானால் வலையிலோ வெளிக்குழாயிலோ சிமெண்ட் கட்டியைத் தேடலாம். பலகை அடித்த மரத்துண்டு குழாய்க்குள் கிடப்பது அரிய நிகழ்ச்சி அல்ல.

நிரப்ப 150 கன மீட்டர் குழாய்நீர் செலவாகும் என்று தயங்குவார்கள். மழைக்காலமாக இருந்தால் ஒரு மழையே நிரப்பிக் கொடுக்கும்.

பராமரிப்பில் கெடுவது

தொட்டி உரிமையாளரின் பொறுப்பு. கட்டியவர் போய்விடுவார், மேலாண்மைக் குழு மாறிக்கொண்டே இருக்கும். துளை பாதி அடைத்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய குறை. தொட்டி முன்னதாகவே நிரம்பி, கலிங்கு வழியே மிச்சம் முழுதும் கட்டுப்பாடின்றி வடிகாலுக்குப் போகும். மனை நனையாது. நனைவது கீழே இருக்கும் தெரு. எனவே கலிங்கின் மேல் முகட்டில் ஈரத்தடம் அல்லது இலைக்கோடு தெரிகிறதா என்று ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பார்ப்பது நல்ல பழக்கம். சாதாரண மழைக்கே தடம் இருந்தால் துளையில் அடைப்பு.

வலையை மாதம் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வண்டலையும் எடுக்க வேண்டும். தரையில் சராசரி 100 மி.மீ. வண்டல் படிந்தால் 10 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவு போய்விடும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக ஒரு வாரம் போதும் என்பதால் தரைக்குழியில் தேங்கும் நீரை வாரந்தோறும் பார்க்க வேண்டும். மூடியின் ஓரத்து இடைவெளியை வலைத்துணியால் அடைக்கலாம். உள்ளே இறங்கும் முன் இரண்டு மூடிகளையும் திறந்து காற்றோட்டம் விட்டு வாயு அளவி பிடிக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. அழுகும் இலைக் குவியலைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்ஃபைட் திடீரென எழும், ஆகவே இறங்கும்போது ஒருமுறை பார்த்தால் போதாது, அளவி வேலை முடியும்வரை உடலோடு இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் குழுவும் ஒரு இடத்தில் கோட்டை விடுகிறது. வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று 400 ச.மீ. புல்வெளிக்கு ஓடு பதிக்கிறார்கள். கெழு 0.89-லிருந்து 0.93 ஆகிறது, தேவை 152-லிருந்து 168 கன மீட்டராகிறது. தொட்டியைத் தொடவே இல்லை, ஆனாலும் அது 16 கன மீட்டர் குறைவாகிவிட்டது. நீர் புகும் கல்லைப் பதிப்பது, அல்லது வேறோர் இடத்தில் அதே பரப்புக்குக் கல்லைப் பெயர்த்துப் புல் போடுவது என இரண்டு வழி இருக்கிறது. நீர் புகும் கல்லின் கண்கள் தூசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஆண்டுக்கு இருமுறை உறிஞ்சித் துப்புரவு செய்ய ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். ஒதுக்க மனமில்லாத மனையில் புல்லே மலிவு.